எழுதிய நேரம், வந்த நேரம்

எங்கள் அறையில் யாரும் எதற்காகவும் காத்திருப்பதில்லை. அரைமணி கழித்து அடிக்க வேண்டிய மணி ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்க்க, அரைமணி நேரம் யார் உட்கார்ந்திருப்பது? பொய்க் கடிகாரம் ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு வரி எழுதினால் அது அரைமணி முன்னால் நகர்ந்துவிடும். மணி அடித்தால் பச்சை, அடிக்காவிட்டால் சிவப்பு. இதற்குப் பெயர் யூனிட் டெஸ்ட். ஜோர்டானில், அம்மான் நகரத்தில் என் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது.

நாங்கள் கவனிப்பது குளிர்பெட்டி வண்டிகளை. தடுப்பு மருந்து ஏற்றிக்கொண்டு தெற்கே அகபா வரைக்கும் போகிற வண்டிகள். பெட்டிக்குள் இருக்கிற கருவி, தான் எவ்வளவு குளிராக இருக்கிறது என்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு செய்தி வந்தவுடன் அந்தப் பெட்டியின் பெயரில் ஒரு டைமர் வைப்போம். அடுத்தது வந்தால் பழையதைக் கலைத்துவிட்டுப் புதிது வைப்போம். செய்தியே வராமல் நேரம் முடிந்துவிட்டால் மணி அடிக்கும், கிடங்கில் இருக்கிறவர் ஓட வேண்டும்.

பாலைவன ரோட்டில் பல இடங்களில் டவர் கிடையாது. பள்ளத்தில் இறங்கிய வண்டி தன் செய்திகளை எழுதித் தன்னிடமே வைத்துக்கொண்டு, மேடேறியதும் மொத்தமாக அனுப்பும். ஆகவே எங்களுக்கு ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு நேரம் உண்டு. பெட்டி எழுதிய நேரம் ஒன்று, எங்களிடம் வந்து சேர்ந்த நேரம் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்ட கதையைத்தான் சொல்கிறேன்.

டைமர்களை எழுதியவன் ஹாஸிம். அவற்றை டெஸ்ட் செய்தவள் அரீஜ், அவன் மனைவி. இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று மேஜை. அந்த மூன்று மேஜைக்காரர்களுக்கும் காலையிலிருந்து சாயங்காலம் வரை இலவச நாடகம்.

"உன் டைமர் மறுபடியும் செத்துப்போச்சு. வந்து தூக்கிட்டுப் போ," என்பாள் அவள்.

"நீ தொட்டா எதுதான் பொழைக்கும்? வெள்ளிக்கிழமை தயிர் திரிஞ்ச கதையை இங்க சொல்லட்டுமா?"

"சொல்லு. கூடவே அந்தத் தயிரை யாரு தட்டை வழிச்சுத் தின்னதுன்னும் சொல்லு."

நான் நஜ்லா. மாதபா ஊர்க்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், கல்யாணமே செய்துகொள்ளாதவள். அதனால் புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் எனக்கு அபிப்பிராயங்கள் அதிகம். இந்த இருவரைப் பற்றி எனக்கு இருந்த ஒரே அபிப்பிராயம், இப்படி வாயாடிக்கொண்டே கிழடாவார்கள் என்பதுதான்.

சண்டை ஆரம்பித்தது மூன்றாவது டெஸ்டில். முதலாவதும் இரண்டாவதும் சுலபம். செய்தி வந்தால் டைமர் கலைய வேண்டும், வராவிட்டால் மணி அடிக்க வேண்டும். மூன்றாவதுதான் வம்பு. மணி அடித்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு செய்தி வருகிறது. அதை எடுத்துப் பார்த்தால், பெட்டி அதை நேரத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது, வந்து சேர்ந்ததுதான் தாமதம். இப்போது அடித்த மணியை என்ன செய்வது?

மேலாளர் முன்னால் ஹாஸிம் தீர்மானமாகச் சொன்னான். "மணியை அழிச்சிடணும் சார். எழுதின நேரம்தான் கணக்கு. பெட்டி பூரா நேரமும் குளிராத்தான் இருந்திருக்கு. நமக்குத் தெரியல, அவ்வளவுதான். ஒண்ணுமே ஆகல."

அரீஜ் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் அவனைச் சுட்டிருக்க வேண்டும். "ஒண்ணும் ஆகலையா? மணி அடிச்ச உடனே கிடங்குக்காரர் பெட்டியில உள்ள மருந்தைப் பூரா கொட்டிடுவாரு. அப்புறம் நீ போய், 'அடிச்ச மணியை வாபஸ் வாங்கிக்கிட்டோம் அபு சாலிம், மன்னிச்சுக்கங்க'ன்னு சொன்னா, கொட்டின மருந்து எழுந்து குப்பிக்குள்ள போயிடுமா?"

அறையே சிரித்தது. மேலாளரும் சிரித்தார். ஹாஸிம் மட்டும் கம்ப்யூட்டரை மூடினான்.

காரில் அது தொடர்ந்திருக்கிறது. எல்லார் முன்னாலும் என்னை முட்டாளாக்கினாய் என்று அவன். உன்னையல்ல, உன் டைமரைத்தான் சொன்னேன் என்று இவள். டைமரிலிருந்து அவன் அம்மாவுக்குப் போய், அங்கிருந்து இவள் அப்பாவுக்கு வந்து, ஏழாவது ரவுண்டானா நெரிசலில் நாலாபுறமும் ஹாரன் அலறும்போது அவன் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான். நீ தலாக். ஒரே ஒரு தடவை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். இவர்கள் மார்க்கத்தில் ஒரு தடவை கொட்டியதை அள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். பாவம், அதுதான் அவளைக் கொன்றது.

மறுநாள் டீ போடுகிற மூலையில் நின்று அவள் எனக்கு அந்தக் கணக்கைச் சொன்னாள். தலாக்குக்குப் பிறகு இத்தா. மூன்று மாதவிலக்கு வந்து போய், மூன்றாவதில் அவள் குளித்து எழுகிற வரைக்கும். அதற்குள் அவன் 'மீட்டுக்கிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புது நிக்காஹ் வேண்டாம், மஹர் வேண்டாம், விருந்து வேண்டாம்.

"உன் சம்மதம்?" என்றேன்.

"அதுவும் வேண்டாம் அக்கா."

"இதென்ன, அடகு வச்ச நகையா நீ, மீட்டுக்கிறதுக்கு?"

"நகையாவே இருந்துட்டுப் போறேன். வந்து மீட்கட்டுமே." சொல்லிவிட்டு, வாசனைக்காக டீயில் போட்ட மரமிய்யா இலையைக் கரண்டியால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அப்பா வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோக ஆரம்பித்தாள். அவனும் வந்தான். அதே மூன்று மேஜை. ஆனால் நாடகம் நின்றுபோனது. நீ, வா, போ என்று கூப்பிட்டவனை அவள் 'நீங்க' என்றாள். "இந்த டெஸ்ட் விழுது, பாக்கறீங்களா?" என்பாள். அவன் பார்ப்பான், திருத்துவான், பச்சை ஆகும். அவ்வளவு நேரமும் அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து போய்விடுவேன்.

போனைத் திருப்பியே வைக்க மாட்டாள், எப்போதும் முகம் மேலே பார்த்திருக்கும். முணுக்கென்று சத்தம் கேட்டால் போதும், கை பாயும். பெரும்பாலும் ஏதாவது கடையின் தள்ளுபடி விளம்பரமாக இருக்கும்.

"நீயே போய்க் கேளேன்டி," என்றேன் ஒரு நாள்.

"கேட்டு வாங்க அது என்ன, சம்பளப் பாக்கியா?"

அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவனைப் பிடித்தேன். ரம்ஜான் முடிந்து பெருநாளும் போய்ச் சில நாள் ஆகியிருந்தது. மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டேன். "ஒரு வார்த்தை. சொன்னா நாக்கு தேஞ்சிடுமா உனக்கு?"

அவன் சிரித்தான். "நஜ்லாக்கா, எல்லாம் நேரத்துல நடக்கும். உங்களுக்கு என்ன அவசரம்?"

"எனக்கு அவசரமில்ல. அவளுக்குத்தான் நாள் போயிட்டிருக்கு."

"எனக்கு எண்ணத் தெரியும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். சட்டைப்பையில் எதையோ ஒளித்து வைத்திருக்கிற பிள்ளையின் சிரிப்பு அது. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனிதனா என்று மட்டும் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தாள். முக்காடு ஒழுங்காகக் கட்டியிருந்தாள், முகம் மட்டும் வெந்துபோயிருந்தது. ஹாஸிமின் நாற்காலி காலி. புதுக் கருவிகளைப் பார்க்க வண்டியோடு அகபாவுக்குப் போயிருந்தான்.

"குளிச்சிட்டேன் அக்கா," என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவளை எழுப்பிப் பெண்கள் கழிவறைக்கு இழுத்துப் போனேன். உள்ளே போனதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாளும் அழாதவள் அன்றைக்கு அழுத அழுகையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். சத்தமே இல்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. "நேத்து பூரா போனைக் கையிலயே வச்சிருந்தேன் அக்கா. குளிக்கப் போறதை ராத்திரி வரைக்கும் தள்ளித் தள்ளிப் போட்டேன். தொழுகை நேரம் போயிடுச்சுன்னு அம்மா திட்டினாங்க. அப்புறம்தான் குழாயைத் திறந்தேன்." அவளைக் கட்டிக்கொண்டு நானும் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் அப்பா ரோஷக்காரர். மறுநாளே ஒரு பிக்கப் வண்டி பிடித்து, மகளுக்குச் சேர வேண்டிய சாமான்களை ஏற்ற ஹாஸிம் வீட்டுக்குப் போய்விட்டார். அலமாரி, மெத்தை, தையல் மிஷின். கட்டிலைப் பிரித்து அதையும் ஏற்றினார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. மாடி வீட்டில் இருக்கிற ஹாஸிமின் அண்ணன் நாயிஃப், பால்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்ததோடு சரி. ஹாஸிமுக்குத்தான் அடித்திருக்கிறான். ஹாஸிம் அப்போது டவர் இல்லாத ஏதோ பள்ளத்தில் இருந்திருக்கிறான்.

அதற்கு அடுத்த நாள் ஹாஸிம் அலுவலகத்துக்குள் நுழைந்தான். முகம் கழுவாமல் நேராக ரோட்டிலிருந்து வந்திருக்கிறான், ஷூ எல்லாம் மண். கையில் பெரிய தட்டு நிறையக் கனாஃபா, சர்க்கரைப் பாகு இன்னும் சூடாக வழிந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றான். மூச்சு வாங்கியது. "என் பொண்டாட்டியை நான் எப்பவோ மீட்டுக்கிட்டேன். நாயிஃப் சாட்சி. எங்க அக்கா புருஷன் சாட்சி. ரெண்டு பேர் முன்னாடியும் இத்தாவுக்குள்ளேயே சொல்லியாச்சு. வெளிய சொல்லாதீங்கன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். எதுவும் முடியல. வா அரீஜ், வீட்டுக்குப் போலாம்."

மூலையில் இருந்த பெண் ஒருத்தி குலவை விட்டாள். இரண்டு பேர் கைதட்டினார்கள். கனாஃபாத் தட்டை வாங்க யாரோ கை நீட்டினார்கள். எனக்கும், உண்மையைச் சொன்னால், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரீஜைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"எப்போ?" என்றாள்.

"பெருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. நாயிஃப் வீட்டுச் சாப்பாட்டுல."

"அந்த ஞாயித்துக்கிழமை இங்க உங்ககிட்ட சார்ஜர் கேட்டேன்."

"ஆமா. குடுத்தேனே."

"குடுத்தீங்க. ஒண்ணும் சொல்லல."

அவன் தட்டை மேஜை மேல் வைத்தான். "நீயா வந்து ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்தேன் அரீஜ். நீ கேட்ட அந்த நிமிஷமே சொல்லணும்னு வாயிலயே வச்சிருந்தேன். நீ கேக்கல. சரி, மூணு மாசம் முடியறதுக்கு முந்தின நாள் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அதுக்கு இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சேன்."

"நீங்க காலண்டரைப் பாத்திருக்கீங்க."

யாரோ வைத்த கரண்டி தட்டில் மோதிச் சத்தம் வந்தது. உலகத்தில் எத்தனை வகை நேரம் உண்டோ அத்தனைக்கும் டைமர் எழுதத் தெரிந்தவன், பெண்டாட்டியின் நாளைச் சுவரில் தொங்குகிற தாளில் எண்ணியிருக்கிறான். அவள் உடம்பில் ஓடுகிற கணக்கு அவனுக்குத் தோன்றவே இல்லை.

"சரி, இப்ப என்ன ஆயிடுச்சு?" என்றான். குரல் கெஞ்சியது. "சொன்ன நேரம்தானே கணக்கு? ஒண்ணும் ஆகல. இவ்வளவு நாளும் நீ என் பொண்டாட்டியாத்தான் இருந்திருக்க. உனக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"எங்கப்பா கட்டிலைப் பிரிச்சு நடுத்தெருவுல வச்சாரே, அப்பவும் நான் உங்க பொண்டாட்டிதானா?"

"ஆமா."

"அப்ப கழிவறைத் தரையில உக்காந்து அழுதது யாரு?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அந்தக் கனாஃபாவை யாரும் தொடவில்லை. சாயங்காலம் துப்புரவுக்கு வருகிறவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

விஷயம் பள்ளிவாசல் ஷேக்கிடம் போனது. அவள் அம்மாவுக்குத் தலைசுற்றல், ஆகவே துணைக்கு நான் போனேன். சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, தலையில் துணி போட்டுக்கொண்டு வாசல் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஷேக் கேட்கப் போவது ஒரே கேள்வி என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே இத்தா முடிந்துவிட்டதா இல்லையா? அதில் அவள் சொல்தான் முடிவு. வேறு யாருக்கும் அது தெரியாது, தெரியவும் முடியாது.

நான் அவள் காதருகே போனேன். "முடிஞ்சிருச்சுன்னு சொல்லிடு. ஒரே வார்த்தை. நீ விடுதலை. தினம் பத்து தரம் அந்தப் பொய்க் கடிகாரத்தைத் தள்ளுறவதானே நீ? ஒரு தரம் இங்கயும் தள்ளு."

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானா அக்கா?" என்றாள். பழைய அரீஜ் ஒரு கணம் எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவர் வாயில நடந்ததை அவர் மறைச்சாரு. என் உடம்புல நடந்ததை நான் மாத்திச் சொல்லணுமா?"

"அப்ப திரும்பிப் போகத்தான் ஆசையா உனக்கு?"

"இருந்துச்சு," என்றாள்.

உள்ளே ஷேக் கேட்டார். நாயிஃபும் ஹாஸிமின் அக்கா புருஷனும் சத்தியம் செய்தார்கள். அரீஜ் தலைகுனிந்து, அந்த வெள்ளிக்கிழமை இத்தா முடியவில்லை, இரண்டுதான் ஆகியிருந்தது என்று சொன்னாள். அவள் அப்பா கைத்தடியைத் தரையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். "அப்படின்னா நீ இவன் மனைவிதான்மா. நடுவுல எதுவும் அறுந்துபோகல," என்றார் ஷேக். பிறகு ஹாஸிமைப் பார்த்தார். "மார்க்கம் உன்னைச் சரின்னு சொல்லுது தம்பி. நான் சொல்லல. கூட்டிட்டுப் போ."

அதே பிக்கப் வண்டி, அதே சாமான்கள். இந்தத் தடவை தெருவில் வேடிக்கை பார்க்க ஆளில்லை.

இப்போது இருவரும் ஒரே காரில் வருகிறார்கள், ஒரே காரில் போகிறார்கள். அவன் டைமர் செத்தால் அவள் கூப்பிட்டுக் கேலி செய்வதில்லை, சிவப்பு என்று பதிந்துவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். மேலாளரோ வேறு யாருமோ கேட்காமலே மூன்றாவது டெஸ்டை ஹாஸிமே அவள் சொன்னபடி மாற்றி எழுதினான். பிந்தி வந்த செய்தி அடித்த மணியை அழிக்காது. எழுதி முடித்து அவள் பக்கம் திரும்பி, "சரியா இருக்கா பாரு," என்றான். அவள் ஓட்டிப் பார்த்தாள். பச்சை. "சரியா இருக்கு," என்றாள், முகம் பார்க்காமல். வெற்றி பெற்றவள் என்று அவளைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். நடுவில் இருக்கிற மூன்று மேஜைக்காரர்களும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள்.

போன வாரம் ஹாஸிம் டீ போடும் மூலைக்கு வந்தான். நான் கெட்டிலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். அவனோடு முகம் கொடுத்துப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. இளைத்திருந்தான். கோபப்படத்தான் நினைத்தேன், வரவில்லை.

"நஜ்லாக்கா, அவ சண்டையே போட மாட்டேங்கறா," என்றான். "எல்லாம் செய்யறா. சமைக்கறா. எங்கம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறா. நான் ஜோக் சொன்னா சிரிக்கக் கூட செய்யறா."

நான் இன்னொரு கிளாஸை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"நேத்து அவளை உக்கார வச்சு, முகத்தைப் பாத்து சொன்னேன். உன்னை மீட்டுக்கிட்டேன் அரீஜ்னு. திரும்பவும். அவ காதுல விழற மாதிரி."

"அவ என்ன சொன்னா?"

அவன் கிளாஸைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் கொதித்து, கெட்டில் தானாக அணைந்தது.

"'அதைத்தான் அப்பவே சொல்லிட்டீங்களே'ன்னா. சொல்லிட்டு, ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்னு கேட்டா."